எலுமிச்சை அழுகலுக்குக் கைட்டோசான் பூச்சு

கேள்வி: புளியங்குடியிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு எலுமிச்சை அனுப்புகிறோம். மழைக்காலத்தில் மூட்டைக்குள் பச்சைப் பூஞ்சாணம் பிடித்துவிடுகிறது. கைட்டோசான் பூசினால் நிற்குமா? எப்படிப் பூசுவது?
- வாசகர், புளியங்குடி

பதில்: நன்றாகவே குறையும், பறித்த அன்றே பூசினால். பச்சைப் பூஞ்சாணமான பெனிசிலியம் டிஜிடேட்டம், காயம் படாத தோலில் நுழையாது. முள் கீறல், காம்பு பிய்ந்த இடம், தரையில் விழுந்த அடி ஆகியவற்றின் வழியாகத்தான் இறங்கும். முதலில் கட்டைவிரல் பட்டால் அமுங்குகிற நீர்க்கசிவான புள்ளி, அப்புறம் வெள்ளை நூல், கடைசியில் பச்சைப் பொடி. இறங்கி ஓரிரு நாள் ஆகிவிட்டால் மேலே என்ன பூசினாலும் பயன் இல்லை.

கைட்டோசான், இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதில் நெடுங்காலமாக வேலை செய்து வருகிறது. மென்மையான அமிலத்தில் கரைந்தால் நேர் மின்னூட்டம் பெற்று, பூஞ்சாணச் செல்லின் சவ்வில் ஒட்டி அதைக் கசிய வைக்கும். பழத்தின் ஈரம் போவதையும் குறைக்கும்.

முதலில் கழுவுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 4 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் தரும் வெளுப்புத் திரவம்) 50 மில்லி ஊற்றினால் 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு வரும். இரண்டு நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்துங்கள். தண்ணீர் கலங்கினால் குளோரின் வேலை செய்யாது, மாற்றிவிடுங்கள். இந்தக் குளோரின் தண்ணீரும் அடுத்து வரும் வினிகர் கரைசலும் ஒன்றாகச் சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கரைசலுக்கு 8 லிட்டர் தண்ணீர், 4 சதவீத வினிகர் 2 லிட்டர், உணவுத் தரக் கைட்டோசான் 100 கிராம். பொடியைக் கலக்கிக்கொண்டே தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டி, உள்ளே கரையாமல் நின்றுவிடும். ஓர் இரவு ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பாத்திரம் போதும். பழத்தை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறியின் கீழ் முழுக்கக் காய விடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஈரத்தோடு குவித்தால் பழம் பழத்தோடு ஒட்டி, பிரிக்கும்போது பூச்சு உரிந்துவிடும். 'இன்னும் கெட்டியாக இருக்கட்டும்' என்று அளவைக் கூட்டாதீர்கள். பழம் மூச்சுவிட முடியாமல் உள்ளே சாராய வாடை ஏறும். சமையல் சோடாவை இந்தக் கரைசலில் கலந்தால் அமிலம் போய்க் கைட்டோசான் திரிந்து படிந்துவிடும்.

பனி காய்ந்த பிறகு பறியுங்கள். ஈரத்தில் விறைத்த தோலில் எண்ணெய்ப் பைகள் சுலபமாக உடையும். தரையில் பொறுக்கிய பழத்தைத் தனியே வைத்து உள்ளூரில் விற்றுவிடுவதே நல்லது. பொடி பிடித்த பழத்தைக் கொட்டகைக்குள் உதறாதீர்கள். ஈரத்துணியால் மூடி வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். வாங்குபவருக்கு இறால், நண்டு ஒவ்வாமை இருக்கலாம் என்பதால் இந்தப் பூச்சு பூசியிருப்பதைப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: கிருமிநாசினிப் பாலிமர் என்று பிஹெச்எம்ஜி திரவத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அதைத் தெளிக்கலாமா?
- வாசகி, செங்கோட்டை

பதில்: வேண்டாம். பிஹெச்எம்ஜி, அதாவது பாலிஹெக்சாமெத்திலீன் குவானிடின், பூஞ்சாணத்தைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அதன் துளிப்பனியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். தென் கொரியாவில் காற்றை ஈரமாக்கும் கருவிகளில் ஊற்றிய கிருமிநாசினியில் இது இருந்ததும், பலர் இறந்ததும் 2011இல் வெளிவந்தது. கொட்டகையில் தெளிப்பானைப் பிடிக்கிறவரின் மூச்சில்தான் அது முதலில் போகும்.