அலுவலகத்திலும் பாரிலும் சிகரெட்டைத் தடை செய்ததால் எதிர்பாராத விளைவு ஏதாவது உண்டா?

உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவது ஒரு ஐடி வளாக வாசலுக்கு மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். 2008 அக்டோபர் 2 முதல் பணியிடத்துக்குள் புகைக்கத் தடை. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். உள்ளே காற்று சுத்தமானது உண்மை. ஆனால் புகை கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய்விட்டது. பக்கத்தில் குழந்தையோடு பஸ்ஸுக்கு நிற்பவர்தான் அதை இழுக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. புகைக்காதவர்கூட 'சும்மா ஒரு டீ' என்று கூடப் போவார். யாருக்கு எந்த புராஜெக்ட், யார் வேலையை விடப்போகிறார் என்பதெல்லாம் அங்கேதான் கசியும். போகாதவருக்குச் சேதி கடைசியில்தான் வரும். நான் பார்த்தவரை இதில் அதிகம் விடுபடுவது பெண்கள்.

பார் விஷயம் வேறு. 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகமோ பாரோ தனிப் புகை அறை வைத்துக்கொள்ளலாம் என்று விதியே இடம் கொடுத்தது. சின்னக் கடைக்கு அது கிடையாது, அப்புறம் என்ன, பிளாட்பாரம்தான்.

அமெரிக்காவில் கதை விபரீதமாகப் போனது. புகைக்கலாம் என்ற பாரைத் தேடிப் பக்கத்து ஊர் வரை காரில் போனவர்களால், தடை வந்த பகுதிகளில் குடிபோதை விபத்து மரணங்கள் கூடின என்று ஆடம்ஸ், காட்டி என்ற இரு பொருளியலாளர்கள் 2008இல் எழுதினார்கள்.

வெளியே தடுத்தால் வீட்டில் பிள்ளைகள் முன்னால் ஊதுவார்களே என்ற பயமும் இருந்தது. ஸ்காட்லாந்தில் நடந்தது நேர்மாறு: 2006 தடைக்குப் பிறகு ஆஸ்துமாவோடு ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகள் குறைந்தார்கள்.