நீர்ச்செடி: நாட்டினமா, வந்தேறியா?

கேள்வி: ஒரு நீர்ச்செடி குளத்தையே மூடிவிட்டது என்றால் அது வெளிநாட்டிலிருந்து வந்த வந்தேறிதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நீரில் உரச்சத்து கூடினால் நாட்டு அல்லியும் தாமரையும்கூடக் குளத்தை மூடும். முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள், பூர்வீகம் அப்புறம். நீருக்குள் மூழ்கி வளரும் ஹைட்ரில்லா ஆசியாவில் நாட்டுச் செடி. அமெரிக்காவில் பெரும் தொல்லை.

கேள்வி: ஹைட்ரில்லா, எலோடியா, எஜீரியா என்ற மூன்று நீர்ச்செடிகளும் ஒரே மாதிரி தெரிகின்றன சார்.

எல்லோருக்கும் அப்படித்தான். தண்டின் நடுவில் ஒரு கணுவைப் பிடித்து, சுற்றியுள்ள இலைகளை எண்ணுங்கள். பெரும்பாலும் எலோடியாவுக்கு மூன்று, எஜீரியாவுக்கு நான்கு, ஹைட்ரில்லாவுக்கு ஐந்து. ஒருமுறை நான் அடிக்கணுவை எண்ணி, மூன்றே இலை பார்த்து, எலோடியா என்று எழுதிக் கொடுத்து அசடு வழிந்தேன். ஹைட்ரில்லாவுக்கு அடியில் இலை குறைவாக இருக்கும். அதனால் இலை விளிம்பையும் விரலால் வருடிப் பாருங்கள், ஹைட்ரில்லா சொரசொரக்கும். வேரோடு பட்டாணி அளவுக் கிழங்கு வந்தால் சந்தேகமே வேண்டாம், மற்ற இரண்டிலும் கிழங்கு கிடையாது.

கேள்வி: பூ இல்லாதபோது ஆகாயத்தாமரையை எப்படி அடையாளம் காண்பது?

எந்த ஆகாயத்தாமரை? சிலர் அந்தப் பெயரால் சொல்வது முட்டைக்கோசு போல மிதக்கும் பிஸ்டியாவை. நீங்கள் கேட்பது வெங்காயத்தாமரை என்றால், காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். ஆனால் நெருக்கமாக வளரும்போது காம்பு நீண்டு உப்பல் போய்விடும். அப்போதுதான் கருங்குவளை என்ற இன்னொரு நீர்ச்செடியோடு குழப்பம் வரும். சும்மா இழுத்துப் பாருங்கள். கருங்குவளை சேற்றில் வேரூன்றி நிற்கும்; வெங்காயத்தாமரை பெரும்பாலும் இறகு போன்ற கருவேரோடு கையோடு வந்துவிடும். பூத்துவிட்டால் வேலை சுலபம்: மேல் இதழில் மஞ்சள் பொட்டு இருந்தால் வெங்காயத்தாமரை.

கேள்வி: சால்வினியா என்ற மிதக்கும் பெரணியில் எந்த இனம் எது என்று பிரிப்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். சால்வினியா மொலெஸ்டாவை வெகுகாலம் வேறொரு இனமாக நினைத்திருந்தார்கள். செடியைத் தின்று கட்டுப்படுத்தட்டும் என்று அந்த இனத்திலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டு வேலை செய்யவில்லை. 1972-இல் தனி இனம் என்று பெயர் வைத்த பிறகுதான், அதன் பூர்வீகமான பிரேசிலில் தேடிச் சரியான வண்டைக் கண்டுபிடித்தார்கள். 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு சொச்சத்தில் ஏரி தெளிந்தது.

இனத்தைப் பிரிக்க, இளம் இலையின் மேல்புற மயிர்களை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நுனிகள் ஒன்றுசேர்ந்து முட்டை அடிக்கும் கம்பி போல இருந்தால் மொலெஸ்டா வகை. சால்வினியா நாட்டன்ஸ் என்ற இன்னொரு இனத்தில் நுனிகள் தனித்தனி. முதிர்ந்த இலையில் மயிர் ஒடிந்திருக்கும், ஏமாற்றிவிடும்.

கேள்வி: பறித்த மாதிரியைப் பார்த்த பிறகு?

திரும்ப நீரில் வீசாதீர்கள். பையில் கட்டிக் கரையிலேயே காயவிடுங்கள். ஒரு கணுத்துண்டு போதும், ஹைட்ரில்லா துளிர்த்துவிடும்.