‘ஸ்டெரைல்’ பாக்கெட்டில் பழுப்புப் புள்ளிகள்

கேள்வி: அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வீட்டில் டிரஸ்ஸிங் மாற்றுகிறோம். மெடிக்கலில் வாங்கிய காஸ் (புண்ணில் வைக்கும் மெல்லிய துணி) பாக்கெட்டில் ‘ஸ்டெரைல்’, அதாவது கிருமி நீக்கியது என்று போட்டிருக்கிறது, ஆனால் துணியில் பழுப்புப் புள்ளிகள். பேட்ச் எண்ணும் இல்லை. இரண்டு தடவை வைத்துக் கட்டிவிட்டோம். பயப்பட வேண்டுமா? யாரிடம் புகார் செய்வது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் அப்பாவைப் பாருங்கள், பாக்கெட் அப்புறம். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, சீழ் அல்லது கெட்ட வாடை வருகிறதா, வலி குறையாமல் கூடிக்கொண்டே போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம், நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் ஹெர்னியாவுக்கு உள்ளே வலை வைத்திருந்தால் சில வாரம் கழித்துக்கூடத் தொற்று தலைகாட்டலாம், அதனால் ரிவியூவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, பாக்கெட். அதைக் குப்பையில் போடாதீர்கள், கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் செய்யாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மருத்துவ உபகரண விதிகள்படி தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி மாதம், எந்த முறையில் கிருமி நீக்கினார்கள் என்பது வரை லேபிளில் இருந்தாக வேண்டும். பேட்ச் எண்ணே இல்லாதவர் ‘ஸ்டெரைல்’ என்று அச்சிட்டிருப்பதை நான் நம்பமாட்டேன். ஒரே தடவையில் தயாரான சரக்கை அடையாளம் காட்டுவது அந்த எண்தான்; அது இல்லாமல், கோளாறு தெரிந்தாலும், கூடவே தயாரான மற்ற பாக்கெட்டுகளை எந்தக் கடையில் போய்த் தேடுவது?

பெரிய நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ட்ரையாட் என்ற நிறுவனம், தோலைத் துடைக்கும் ஆல்கஹால் பஞ்சுகளில் பேசிலஸ் சீரியஸ் கிருமி இருக்கலாம் என்று 2011 ஜனவரியில் சரக்கைத் திரும்பப் பெற்றது. ஆல்கஹாலிலேயே கிருமியா என்று கேட்பீர்கள், அந்தக் கிருமியின் வித்து (உறங்கிக் கிடக்கும் வடிவம்) ஆல்கஹாலுக்கெல்லாம் சாகாது! ஏப்ரலில் அரசே இறங்கி 60 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கைப் பறிமுதல் செய்தது.

உங்கள் ஊரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், பில் நகலும் பாக்கெட்டின் போட்டோவும் சேர்த்து. அவர் கடையிலிருந்து மாதிரி எடுத்து, சீல் வைத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பிரித்த பாக்கெட்டில் கிருமி இருந்தால் அது ஆலையில் வந்ததா, உங்கள் வீட்டில் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் பிரிக்காதது ஒன்று மிச்சம் இருந்தாலும் தொடாமல் வையுங்கள். அப்பாவுக்குத் தொற்று வந்தால் மருந்து, மருத்துவ உபகரணங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லிவிடுங்கள். புதுக் காஸ் வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள், ஓரம் பிரிந்ததும் ஈரம் பட்டதும் வேண்டாம்.