வாசகர் கேள்வி: அப்பாவின் ஜீப்புக்கு எந்த பவர் ஸ்டீயரிங் பாக்ஸ்?

கேள்வி: வணக்கம் சார். அப்பாவிடம் 1970-களில் வாங்கிய மஹிந்திரா சிஜே 3பி ஜீப் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு பொலிரோ டிஐ எஞ்சின் ஏற்றியிருக்கிறோம், ஆர்.சி. புத்தகத்திலும் பதிவாகிவிட்டது. தோள்பட்டை வலியால் இப்போது அவரால் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை. மெக்கானிக் பொலிரோவின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டி) போடலாம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அங்கே பழைய ஜீப்பில் வரும் சாகினா பாக்ஸை அனுப்புகிறேன் என்கிறான். எதைப் போடுவது?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாகினா நல்ல பாக்ஸ்தான், 1972 முதல் அமெரிக்க சிஜே ஜீப்புகளில் அதுதான் வந்தது. ஆனால் அது இடது பக்கச் சேசிஸில் உட்காருவதற்காகச் செய்தது. நம் வண்டிக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். ஆயில் கசிவை அடைக்கும் சீல் கிட் வேண்டுமென்றாலும் அங்கிருந்துதான் வரவேண்டும்.

மெக்கானிக் சொன்னதுதான் சரி. எஞ்சினே பொலிரோவுடையது என்பதால், பவர் ஸ்டீயரிங்கோடு வந்த டிஐ வண்டியின் பம்ப் (பாக்ஸுக்கு ஆயிலை அழுத்தி அனுப்புவது), பிராக்கெட், புல்லி மூன்றையும் சேர்த்தே வாங்கலாம். பெல்ட் நேர்கோட்டில் ஓடும்.

பாக்ஸ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிட்மேன் ஆர்ம், அதாவது பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை, எந்தப் பக்கம் ஆடுகிறது என்பது. உங்கள் ஜீப்பில் உள்ள பழைய ராஸ் பாக்ஸில் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். அது டிராக் லிங்க் என்ற கம்பியைத் தள்ள, முன் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் பெல் கிராங்க் என்ற நடு நெம்புகோல் திரும்பி, சக்கரங்களோடு சேரும் இரண்டு டை ராட் கம்பிகள் வழியாகச் சக்கரங்களைத் திருப்பும். அந்த பெல் கிராங்க் தேய்ந்துதான் முக்கால்வாசி ஜீப்புகளில் ஆட்டம் வருகிறது. பக்கவாட்டில் ஆடும் ஆர்ம் உள்ள பாக்ஸை வலது சேசிஸின் முன்முனையில் பொருத்தி, டிராக் லிங்க்கைக் குறுக்காக இடது நக்கிளுக்கு (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) கொண்டுபோனால் பெல் கிராங்க்கே தேவையில்லை. நான் இதையே சொல்வேன். அப்போது இரண்டு சக்கரத்தையும் இணைக்க ஒரே நீள டை ராட் போட்டாக வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். டிராக் லிங்க் முடிந்தவரை ஆக்ஸிலுக்கு இணையாகப் படுத்திருக்கட்டும். சரிவாக நின்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும்.

புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் எடுப்பதாக இருந்தால் கடையிலேயே வைஸில் பிடிக்கச் சொல்லுங்கள், வண்டியில் எப்படி உட்காரப்போகிறதோ அதே வாக்கில். ஸ்டீயரிங் கம்பி சேரும் ஷாஃப்ட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, அதில் பாதிக்குத் திருப்பி நிறுத்துங்கள். அந்த நடுப்புள்ளியில் லேசாக இறுக்கம் தெரிய வேண்டும். அங்கேயே ஆர்ம் கடகடவென்று ஆடினால் உள்ளே தேய்மானம், வேறு பாக்ஸ் பாருங்கள். வண்டியில் சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸும் இதே நடுவில்தான் இருக்க வேண்டும். பாக்ஸைத் தலைகீழாகப் பொருத்தினால் வலது திருப்ப வண்டி இடது போகும் என்பதால், ஆர்ம் நகரும் திசையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்மை பாக்ஸோடு சேர்த்தே வாங்குங்கள், ஷாஃப்ட்டின் பல்வரி (ஸ்பிளைன்) மாறினால் உட்காராது. நீளம் போதவில்லை என்று ஆர்மை வெட்டி வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். அது விட்டுப்போனால் ஸ்டீயரிங்கே கையில் இல்லை.

பாக்ஸைச் சேசிஸில் நேரடியாக போல்ட் போட்டு முறுக்கக் கூடாது. பவர் வந்தபின் அந்த இடத்துக்கு விசை அதிகம். அப்படிப் போட்டு, ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்ட ஜீப் ஒன்று பாடியில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. உள்பக்கம் கனமான பிளேட் கொடுத்து, போல்ட் போகும் இடத்தில் குழாய் வைத்துப் பிடிக்கட்டும். ஆயில் ஹோஸ் சைலன்சர் பக்கம் போகக் கூடாது.

அப்புறம், செலவு செய்யும் முன் ஒரு வேலை. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, டை ராடைக் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பாருங்கள். திருப்பக் கனமாக இருந்தால், நக்கிள் திரும்பும் அச்சில் உள்ள கிங் பின் பேரிங் போயிருக்கிறது. அதைச் சரிசெய்து டயர் காற்றையும் பார்த்த பிறகும் பாரம் இருந்தால் மட்டும் பாக்ஸுக்குப் போங்கள்.

வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதனால் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வண்டி ரெடியானதும் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஸ்டீயரிங்கைக் கோடிவரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், பம்ப் சூடேறிக் கெட்டுவிடும்.