பிரேக் மிதித்தால் பின்விளக்கு அணைகிறதா? பல்பை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள்

குளச்சல் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஒன்பது வருஷத்து ஹேட்ச்பேக் கார். பகலில் பிரேக் மிதித்தால் இடது பின்விளக்கு மங்கலாக எரிகிறது, கூடவே டாஷ்போர்டு வெளிச்சமும் லேசாக மினுங்குகிறது. ராத்திரி லைட் போட்டுக்கொண்டு மிதித்தால் அந்த விளக்கு ஏறக்குறைய அணைந்தே போகிறது. மூன்று பல்பு மாற்றியாயிற்று, பியூஸ் நன்றாக இருக்கிறது. பின்பக்க ஒயரிங்கை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா? வாரம் இரண்டு நாள் டிக்கியில் மீன்பெட்டி ஏற்றுவேன், அதனால் ஏதாவது இருக்குமா?"

ஒயரிங் மாற்ற வேண்டாம். கடைசியாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, வழக்கு முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிட்டது.

உங்கள் பின்விளக்கில் இருப்பது இரட்டை இழை பல்பு. ராத்திரி எரிய 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை. இரண்டுக்கும் கரண்ட் தனித்தனி ஒயரில் வரும், திரும்பிப் போக ஒரே எர்த்துதான், அதாவது விளக்கைக் காரின் இரும்பு பாடியோடு இணைக்கும் ஒயர். அந்த எர்த் அறுந்தால், பிரேக் இழைக்கு வந்த கரண்ட் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, பார்க் லைட் (ராத்திரி எரியும் சிறு விளக்குகள்), டாஷ்போர்டு விளக்குகள் மூலமாக வேறு எங்காவது பாடியைத் தொடும். மினுங்கல் அதனால்தான். ராத்திரியில் இரண்டு இழைக்கும் ஒரே நேரத்தில் 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தம் இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? விளக்கு அணைகிறது.

ஒன்றை மட்டும் முதலில் விலக்கிவிடுங்கள். லைட் போடாமல் பிரேக் மிதிக்கும்போது பார்க் லைட் மங்கலாக இல்லாமல் முழு வெளிச்சத்தில் எரிந்தால், ஒற்றை இழை பல்பை யாரோ அழுத்தித் திணித்திருக்கிறார்கள். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு முளைகள் ஏற்ற இறக்கமாக இருக்கும், ஒற்றை இழையில் இரண்டும் சமமாக இருக்கும்.

அடுத்து ஒரு முழ ஒயர் போதும். விளக்கு யூனிட்டைக் கழற்றி, கப்ளரை (ஒயர்கள் வந்து சேரும் பிளக்) மாட்டியபடியே வைத்து, அதன் எர்த் ஒயர் முனையை (பெரும்பாலும் கறுப்பு) அந்த முழ ஒயரால் டிக்கி லாக் போல்ட் போன்ற பெயிண்ட் இல்லாத இரும்போடு தொடவைத்து, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் முடிவு தெரிந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் பிரேக் மிதித்திருக்கும்போதே கப்ளரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2-க்குள் இருந்தால் நல்லது, இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் எர்த் போச்சு. மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒற்றை நூல் கம்பியில் தொங்கும் ஒயரும் மீட்டரின் துளிக் கரண்டுக்கு நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். 21 வாட் இழை கேட்பது ஏறத்தாழ 1.75 ஆம்பியர், அதைச் சுமக்க அதனால் முடியாது.

இனி மீன்பெட்டி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் டிக்கி மேட்டுக்கு அடியில் இறங்கி மூலையில் தேங்கும். பல கார்களில் எர்த் போல்ட் அங்கேதான், பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால். போன வருஷம் முட்டத்துக் கார் ஒன்றில் அந்த பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். போல்ட்டைச் சுற்றி முருங்கைக்கீரையை அரைத்து அப்பியதுபோல் பச்சைக் களிம்பு. லக்கை (ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கடற்காற்றும், ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு மழையும் வாங்கும் ஊர் நம்முடையது. மீன்தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

வேலை இதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். போல்ட்டை எடுத்து, அந்த இடத்தை இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேயுங்கள் (உப்பு தின்ற இடத்துக்கு உப்புத்தாள்!). ஒயரை நுனியில் மட்டும் சீவாதீர்கள். களிம்பு உறைக்குள்ளேயே ஏறியிருக்கும், செம்பின் கறுப்பு மறைந்து பளபளப்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். என் அனுபவத்தில் ஒரு சாண்கூடப் போனதுண்டு. நல்ல செம்பு வந்ததும் புது ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, புது லக் அடித்து முறுக்குங்கள். மேலே வாசலின் தடவுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். நம் வெயிலில் பசை இளகி டேப் நழுவிவிடும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கானை இணைப்பில் பூசினால் அந்த அமிலமே செம்பைத் தின்னும்.

ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். விளக்கின் ரப்பர் கேஸ்கெட் விறைத்திருந்தால் அதுவும்.

பியூஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போட யாராவது சொன்னால் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அப்புறம் எரிவது பியூஸ் அல்ல, ஒயர்.

மீனை நிறுத்தச் சொல்லவில்லை. பெட்டிக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் டிரே ஒன்று வையுங்கள். மாதம் ஒருமுறை டிக்கி மேட்டைத் தூக்கி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மூடுவதற்கு முன் காயவிடுங்கள்.