வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: விரைவுக்கா, உண்மைக்கா புலிட்சர்?

கேள்வி: உடனடிச் செய்திக்கான புலிட்சர் பரிசு, செய்தியை முதலில் வெளியிடும் அமெரிக்க நாளிதழுக்குத்தானே கிடைக்கிறது?

பதில்: இல்லை. விரைவு வேண்டும் என்பது உண்மை. ஆனால் நிகழ்வை நடக்கும்போதே பிழையின்றிப் பதிவு செய்திருக்கிறார்களா, நேரம் செல்லச் செல்ல அதன் பின்னணியை விளக்கி முதற்செய்தியை விரிவாக்கியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் இதழியலுக்கும் இலக்கியத்துக்கும் வழங்கும் இப்பரிசுகளில் 1998 முதல் இப்பெயரில் வழங்கப்படும் இந்தப் பிரிவு நெடுங்காலம் உள்ளூர்ச் செய்திக்கு உரியதாக இருந்ததால், நடந்த இடத்திலேயே வேரூன்றிய நாளிதழ்கள் பலமுறை வென்றிருக்கின்றன.

2006இல் பரிசு பெற்ற நியூ ஆர்லியன்ஸின் 'டைம்ஸ்-பிகாயூன்' நாளிதழை நினைத்துப் பாருங்கள். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலால் கரைகள் உடைந்து நகருக்குள் வெள்ளம் ஏறியபோது, நாளிதழ்க் கட்டுகளைச் சுமக்கும் லாரிகளின் பின்புறத்தில் ஏறித்தான் அதன் ஊழியர்கள் அலுவலகத்தைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் சிலர் அன்றே ஒரு லாரியைத் திருப்பிக்கொண்டு, செய்தி சேகரிக்க நகருக்குள் மீண்டும் நுழைந்தார்கள். மூன்று நாள்கள் அச்சுப்பிரதி இல்லை. இணையத்தில் மட்டுமே இதழ் வெளிவந்தது.

நான் இதனினும் பெரிதாக மதிப்பது அதற்குப்பின் நடந்ததை. மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த விளையாட்டு அரங்கில் கொலைகள் மலிந்துவிட்டதாக உலகெங்கும் பரவிய பேச்சை, தானும் தொடக்கத்தில் அத்தகைய செய்திகளை வெளியிட்டிருந்த அதே நாளிதழ், ஒரு மாதத்திற்குள் தேடி விசாரித்து, பெரும்பாலானவை வதந்தி என்று செப்டம்பர் 26 அன்று எழுதியது. தன் பிழையைத் தானே தேடிச் செல்லும் அந்த நேர்மை இல்லாமல் உடனடிச் செய்திக்கு மதிப்பேது?

கேள்வி: பரிசு பெரும்பாலும் தனி நபருக்கு இல்லாமல் 'ஊழியர்கள்' என்ற பெயரில் வழங்கப்படுவது ஏன்?

பதில்: பேரிடர் நாளில் ஒருவரால் மட்டும் ஒரு நாளிதழைக் கொண்டுவர முடியாது என்பதே காரணம். 2011 ஏப்ரலில் அலபாமாவின் டஸ்கலூசா நகரை 'டொர்னாடோ' எனும் சுழற்காற்று தாக்கியபோது, 'டஸ்கலூசா நியூஸ்' ஊழியர்கள் சமூக ஊடகங்களில் நிமிடத்துக்கு நிமிடம் தகவல் தந்து, காணாமற்போனவர்களைக் கண்டறியவும் உதவினார்கள். மின்சாரம் இல்லாததால் 50 மைல் தொலைவிலிருந்த வேறோர் அச்சகத்தில் இதழை அச்சிட்டார்கள். களத்தில் நின்றவர், திருத்தியவர், பக்கம் அமைத்தவர் ஆகிய எல்லோருக்குமாக 2012இல் பரிசு வந்தது.

கேள்வி: பரிசே வழங்காமல் விட்ட ஆண்டு உண்டா?

பதில்: உண்டு, 2011. ஹெய்ட்டி நிலநடுக்கம், நாஷ்வில் வெள்ளம் ஆகியவை பற்றிய செய்திகள் உட்பட மூன்று படைப்புகள் இறுதிச் சுற்றுக்கு வந்தும், பரிசுக்குத் தேவையான பெரும்பான்மை வாக்கு, வெற்றியாளரை முடிவுசெய்யும் புலிட்சர் வாரியத்தில் எதற்கும் கிடைக்கவில்லை.