பெரும் பொருட்செலவில் உருவாகும் ஆர்பிஜி கேம்கள் ஏன் எதிர்பார்த்தபடி விற்பதில்லை?

டிராகன் ஏஜ்: தி வெய்ல்கார்டு, ஃபைனல் ஃபேண்டசி 16 போன்ற பெரிய ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக இருந்து விளையாடும் ரோல்-பிளேயிங்) கேம்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்ற செய்திகளைச் சுட்டிக்காட்டி, கதையை முன்னிறுத்தும் சிங்கிள் பிளேயர் கேம்களின் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு கேமை யாருக்காக, எதற்காக உருவாக்குகிறோம் என்ற முடிவைப் பதிப்பாளர்கள் பாதி வழியில் மாற்றுவதும், யார் வாங்க முடியும் என்பதைத் தாங்களே குறுக்கிக்கொள்வதும், அதன் பிறகும் விற்பனை இலக்கை மட்டும் குறைக்காமல் வைத்திருப்பதுமே இந்த ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பது என் கருத்து. 2009இல் வெளிவந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் தொடங்கி இந்த வரிசையை விடாமல் விளையாடி வருபவன் என்பதால், வெய்ல்கார்டையே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

வெய்ல்கார்டு 2024 அக்டோபர் 31 அன்று வெளியானது. டிசம்பருடன் முடிந்த காலாண்டில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் அதை விளையாடினார்கள் என்றும், அது எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 50 சதவீதம் குறைவு என்றும் அந்தக் கேமின் பதிப்பாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2025 ஜனவரியில் அறிவித்தது. விளையாடியவர்களின் எண்ணிக்கை என்றுதான் அந்த அறிவிப்பு சொல்கிறது. விற்ற பிரதிகளின் எண்ணிக்கை என்று சொல்லவில்லை. இதே வரிசையில் 2014இல் வந்த இன்க்விசிஷன், காலப்போக்கில் 1.2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அதன் தயாரிப்பாளர் மார்க் டாரா பின்னாளில் கூறியிருக்கிறார். எனவே வீழ்ச்சி உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஜனவரியில் நிறுவனம் தன் வருவாய்க் கணிப்பைக் குறைத்ததற்குப் பெரும்பங்குக் காரணம் அதன் கால்பந்து கேமின் மந்தமே என்று அதே அறிவிப்பு சொன்னது பலருக்கு நினைவில் இல்லை. தலைப்புச் செய்திகளில் பழி முழுவதும் டிராகன் ஏஜ் மீதே விழுந்தது.

அந்த வீழ்ச்சிக்கான விதை வெளியீட்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது. டிராகன் ஏஜ் வரிசையை உருவாக்கும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குச் சொந்தமான, கனடாவின் எட்மண்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் ஸ்டூடியோ, இன்க்விசிஷன் முடிந்த கையோடு, ஜாப்ளின் என்ற உட்பெயரில் அடுத்த பாகத்தைத் தொடங்கியது. டிராகன் ஏஜின் கற்பனை உலகிலுள்ள டெவின்டர் நாட்டில் ஒற்றர் குழு ஒன்று நடத்தும் துணிகர வேலைகளே அதன் கதை. பரப்பளவில் சிறியதாகவும், விளையாடுபவரின் தேர்வுகளுக்கு ஏற்ப ஆழமாகக் கிளை பிரிவதாகவும் அது திட்டமிடப்பட்டிருந்தது. பயோவேரின் இன்னொரு கேமான மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடாவை முடித்துக் கொடுக்க அந்தக் குழு இடையில் அனுப்பப்பட்டது, பின்னர் 2017 அக்டோபரில் ஜாப்ளின் முழுவதுமாகக் கைவிடப்பட்டு, பெரும்பாலானோர் ஆந்தெம் என்ற ஆன்லைன் கேமுக்கு மாற்றப்பட்டனர். அதே மாதத்தில் டிராகன் ஏஜ் வரிசையின் படைப்பு இயக்குநர் மைக் லெய்ட்லா ஸ்டூடியோவை விட்டு விலகினார். எஞ்சியிருந்த சிறு குழுவிடம், வெளியீட்டுக்குப் பிறகும் தொடர்ந்து பணம் ஈட்டக்கூடிய லைவ் சர்வீஸ் கேமாக டிராகன் ஏஜை மாற்றும் பொறுப்பு கொடுக்கப்பட்டது.

2019 பிப்ரவரியில் ஆந்தெம் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸே வெளியிட்ட, மல்டிபிளேயர் என்பதே இல்லாத ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர் நன்றாக விற்றது. இவ்விரண்டையும் கண்ட பிறகே, மல்டிபிளேயர் பகுதிகளை நீக்கி டிராகன் ஏஜை மீண்டும் சிங்கிள் பிளேயராக்க நிர்வாகம் சம்மதித்தது. அது செய்தியாக வெளிவந்தது 2021 பிப்ரவரியில். அதற்குள் மார்க் டாராவும் ஸ்டூடியோ தலைவர் கேசி ஹட்சனும் விலகியிருந்தார்கள். 2023இல் ஏறத்தாழ 50 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, வாரிக் என்ற மறக்க முடியாத கதாபாத்திரத்தை எழுதிய மேரி கிர்பியும் அவர்களில் ஒருவராக இருந்தார். வாரிக் முக்கியப் பங்கு வகிக்கும் கேம் வெளிவர ஓராண்டுக்கு மேல் இருக்கும் நிலையில், அவரை எழுதியவர் வெளியே அனுப்பப்பட்டார் என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரே மனையில் மூன்று முறை வரைபடத்தை மாற்றிக் கட்டிய வீட்டில் முந்தைய சுவர்களின் தடம் தெரிவதைப் போல, வெய்ல்கார்டில் அந்த வரலாறு தெரிகிறது. சண்டைக்கு உடன் வருபவர்கள் மூவரிலிருந்து இருவராகக் குறைந்தார்கள்; முந்தைய பாகங்களைப் போல அவர்களின் உடலுக்குள் புகுந்து நாமே இயக்கவும் முடியாது. மூன்று பாகங்களிலும் நாம் எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகளைத் தனி இணையதளத்தில் சேமித்து அடுத்த பாகத்துக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு இன்க்விசிஷனின் காலத்தில் இருந்தது. வெய்ல்கார்டு ஏற்றுக்கொள்வதோ மூன்றே முடிவுகளை. யாரை அரியணையில் அமர்த்தினோம், யாரைச் சாகவிட்டோம் என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. கேமைத் தொழில்நுட்ப ரீதியில் குறை சொல்ல முடியாது: பெரிய பழுதுகள் இன்றி வெளியானது, இறுதி அத்தியாயம் மிகச் சிறப்பாக அமைந்திருந்தது, விமர்சகர்களின் மதிப்பெண்களும் தாழ்வாக இல்லை. ஆனாலும் பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள் எதிர்பார்த்தது தாங்கள் எடுத்த முடிவுகளின் தொடர்ச்சியைத்தான். முதல் வாரத்தில் வாங்கி, பிறரையும் வாங்கச் சொல்ல வேண்டிய அந்த ரசிகர்களே தயங்கி நின்றபோது, விற்பனை எங்கிருந்து வரும்?

பலர், வெய்ல்கார்டில் இடம்பெற்ற பாலின அடையாளம் சார்ந்த காட்சிகளே விற்பனையைக் கெடுத்தன என்று வாதிடுவதைக் காண்கிறேன். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 2023இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 கேமில் எந்தப் பாலினத்தவரும் எந்தப் பாலினத்தவரையும் காதலிக்கலாம். அது உலகெங்கும் கொண்டாடப்பட்டு, பெருமளவில் விற்று, ஆண்டின் சிறந்த கேமாகவும் தேர்வானது. வெய்ல்கார்டின் சில உரையாடல்கள் பாடம் நடத்துவது போல இருந்தன என்பது நியாயமான குறைதான். அது எழுத்தின் குறை. எடுத்துக்கொண்ட பொருளின் குறை அன்று.

அடுத்ததாகச் செலவுக் கணக்கு. மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்கியதை ஆராய்ந்த பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், 2024, 2025 ஆண்டுகளில் வரவிருந்த பெரிய கேம்களின் உருவாக்கச் செலவு 20 கோடி டாலரையும் அதற்கு மேலும் எட்டுவதாக 2023இல் பதிவுசெய்தது. 70 டாலர் விலையுள்ள ஒரு கேமில் 30 சதவீதத்தை ஆன்லைன் கடை எடுத்துக்கொண்டால், பதிப்பாளரின் கைக்கு 49 டாலர் வருகிறது. 20 கோடியை மீட்க மட்டும், தள்ளுபடியே இல்லாமல், 40 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றாக வேண்டும். விளம்பரச் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை. செலவில் பெரும்பகுதி ஊழியர்களின் சம்பளம் என்பதால், வீணாகும் ஒவ்வோர் ஆண்டும் இந்த எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே போகும்.

ஃபைனல் ஃபேண்டசி வரிசையை வெளியிடும் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் கதை வேறு. 2023 ஜூனில் பிளேஸ்டேஷன் 5இல் மட்டும் வெளியான ஃபைனல் ஃபேண்டசி 16 முதல் வாரத்தில் 30 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பெரும்பாலான ஸ்டூடியோக்களுக்கு அது வாழ்நாள் வெற்றி. ஆனால் 2016இல் இரண்டு கன்சோல்களில் வந்த 15ஆம் பாகம் முதல் நாளிலேயே 50 லட்சத்தைக் கடந்திருந்தது. 2024 பிப்ரவரியில் வந்த ஃபைனல் ஃபேண்டசி 7 ரீபர்த்துக்கு இன்னொரு தடையும் இருந்தது: மூன்று பாகக் கதையின் நடுப்பாகம் அது, முதல் பாகத்தை முடிக்காதவர் அதை வாங்கக் காரணமே இல்லை. இவ்விரண்டும் எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று 2024 மே மாதத்தில் ஒப்புக்கொண்ட நிறுவனம், இனி பெரிய கேம்களைப் பல தளங்களிலும் வெளியிடுவதாக அறிவித்தது. நோயைச் சரியாகக் கண்டறிந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. 2025 பிப்ரவரி 4 அன்று முதலீட்டாளர்களிடம் பேசிய அதன் தலைவர் ஆண்ட்ரூ வில்சன், தரமான கதையுடன் பலரும் பகிர்ந்துகொள்ளும் உலகம் போன்ற அம்சங்களையும் விளையாடுபவர்கள் அதிகம் நாடுகிறார்கள் என்ற பொருளில் விளக்கம் அளித்தார். அதே நாளில்தான் பிராக் நகரத்து வார்ஹார்ஸ் ஸ்டூடியோவின் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2 வெளியானது. 15ஆம் நூற்றாண்டு போஹீமியாவில், மந்திரமும் டிராகனும் இல்லாமல், தனியாக மட்டுமே விளையாடக்கூடிய, நிதானமான ஆர்பிஜி அது. ஒரே நாளில் 10 லட்சம், இரண்டு வாரங்களுக்குள் 20 லட்சம் பிரதிகள் விற்றது. ஏப்ரலில், பிரான்சின் மான்பெல்லியே நகரைச் சேர்ந்த சாண்ட்ஃபால் என்ற சிறிய ஸ்டூடியோவின் கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 மூன்றே நாட்களில் 10 லட்சத்தைத் தொட்டது.

பால்டர்ஸ் கேட் 3 ஒன்றும் சிக்கனமான படைப்பு அன்று. நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்தார்கள். ஆனால் அதை உருவாக்கிய பெல்ஜியத்தின் லேரியன், முதல் பகுதியை 2020 அக்டோபரிலேயே விற்பனைக்கு விட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விளையாடுபவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தியது. ஒருவர் மாற்றி ஒருவர் செயல்படும் முறை வாரியான சண்டையையோ கிளை பிரியும் கதையையோ சந்தைக்காகக் கைவிடவில்லை. பால்டர்ஸ் கேட் வரிசையின் முதல் இரண்டு பாகங்களையும் உருவாக்கிப் புகழ்பெற்றது பயோவேர்தான் என்பதை நினைக்கும்போது, எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

2025 ஜனவரி இறுதியில் பயோவேரில் பலர் வேறு ஸ்டூடியோக்களுக்கு மாற்றப்பட்டார்கள், சிலர் பணியிழந்தார்கள். எஞ்சியவர்கள் அடுத்த மாஸ் எஃபெக்டை உருவாக்குகிறார்கள். இதற்கிடையே, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்குச் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் உள்ளிட்ட குழு வாங்கும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது; அதில் 2,000 கோடி டாலர் கடன். கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய ஒரு நிறுவனம், மெதுவாக விற்கும் கேமுக்குப் பொறுமை காட்டுமா என்பதே என் கவலை. அடுத்த மாஸ் எஃபெக்ட் பற்றிய செய்திகளில், அது தொடங்கியபோது இருந்த திட்டமும் இயக்குநரும் இறுதிவரை நீடிக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.